கூரை குழிந்தால், எலி கடித்தால், ஜிப் மாட்டினால்: பிளைண்ட் கேள்வி-பதில்

ஆகஸ்ட் பிறந்ததும் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். போன டிசம்பரில் காட்டோரம் விட்டுவந்த பிளைண்டை அப்போதுதான் போய்ப் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் பிளைண்ட் கிழியாத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. புதியவர்களுக்கு ஒரு வரி: தரையில் விரித்து, உள்ளே நாற்காலி போட்டு, சன்னல் இடுக்கு வழியாக மானைப் பார்த்திருக்கும் துணிக்கூடாரம்தான் பிளைண்ட். நம்மூர்ப் பரணுக்குத் தரையில் பிறந்த தம்பி.

கூரை உள்பக்கமாகக் குழிந்து, நடுவில் கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் மூட்டு உடைந்துவிட்டது. இரண்டு சீசன்தான் ஆகிறது. மட்டமான பொருளை வாங்கிவிட்டேனா? (கிரீன் பே)

பொருளைத் திட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கூரை 5 அடிக்கு 5 அடி என்றால் சுமார் 2.3 சதுர மீட்டர். ஈரப்பனி ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ வரை எளிதாக இருக்கும். அரை அடி உயரத்துக்கு விழுந்தாலே 70 கிலோ. ஓர் ஆள் கூரை மேல் ஏறிச் சம்மணம் போட்டதற்குச் சமம். அந்த ஆளைத் தாங்க வேண்டியவை சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஃபைபர் கம்பிகள்.

பனி வேண்டாம், மழையே போதும். துணி லேசாகத் தொய்ந்தால் குழியில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் துணியை இன்னும் தொய்ய வைக்கும். ஒரு கட்டத்தில், காற்றில் குடை மடங்குவதுபோல், கூரை டப்பென்று உள்ளே மடங்கிவிடும். மூட்டு பெரும்பாலும் அந்த நொடியில்தான் உடைகிறது.

இதற்கு நடுக்கால் கொடுக்க வேண்டும். பெயின்ட் ரோலருக்கு மாட்டுகிற, நீட்டிச் சுருக்கும் கழி ஒன்று வாங்குங்கள். அதன் தலையில் ஒரு டென்னிஸ் பந்தைத் துளைபோட்டுச் செருகி, கூரையின் நடு மூட்டுக்கு நேர் கீழே நிறுத்துங்கள். பந்து இல்லாவிட்டால் கழி துணியைப் பொத்துக்கொண்டு மேலே போய்விடும். அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், மழை பெய்து மண் இளகினால் கழி இறங்காது. கூரை நாலு பக்கமும் சரிவாக நிற்கும்வரை கழியை உயர்த்துங்கள், தண்ணீர் தானாக வழிந்துவிடும்.

சிலர் தார்ப்பாயைக் கூரை மேலேயே போர்த்திவிடுகிறார்கள். காற்றில் அது உரசி உரசித் துணியின் பூச்சைத் தேய்த்துவிடும், அடியில் ஈரமும் நின்று பூஞ்சை பிடிக்கும். தார்ப்பாய் வேண்டுமென்றால் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கூரையைத் தொடாமல் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள்.

என்னைக் கேட்டால், சீசன் முடிந்த அன்றே பிரித்துச் சுருட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும். பெட்டியில் 'நீர் புகாது' என்று போட்டிருப்பது மழையில் இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்பதற்காக. ஏப்ரல்வரை காட்டில் விட்டுவைக்கலாம் என்பதற்காக அல்ல. உடைந்த மூட்டைப் பொறுத்தவரை, தயாரித்தவர்களிடம் கேளுங்கள். சில கம்பெனிகள் மூட்டையும் கம்பியையும் தனியாக விற்கின்றன.

எலி உள்ளே கூடு கட்டி, மூலையில் நாலு ஓட்டை போட்டுவிட்டது. எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டு ஓட்டையை அடைத்தால் போதும்தானே?

துடைப்பத்தைக் கீழே வையுங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். இங்கே காட்டிலும் வயலோரத்திலும் திரியும் 'டீர் மவுஸ்' என்னும் சுண்டெலி, ஹாண்டா வைரஸைச் சுமக்கக்கூடியது. 1993-இல் நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா, கொலராடோ எல்லைகள் கூடும் வட்டாரத்தில் நல்ல உடம்போடு இருந்த இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோதுதான் இந்த நோய் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. காய்ந்த புழுக்கையையும் மூத்திரத்தையும் பெருக்கினால் தூசி கிளம்பும். அந்தத் தூசியைச் சுவாசிப்பதில்தான் ஆபத்து.

முதலில் கதவையும் சன்னல்களையும் திறந்து, அரை மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கூட்டையும் புழுக்கையையும் நன்றாக நனையுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். அதன் பிறகு காகிதத் துண்டால் வழித்தெடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ப்ளீச் துணிக்கு நல்லதல்ல என்பது உண்மைதான், ஆனால் துணி வெளுத்தால் வெளுக்கட்டும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு: முறுக்குப் பொட்டலம், வேர்க்கடலை, மெத்தை வைத்த நாற்காலி எதையும் உள்ளே விட்டுவராதீர்கள். நாற்காலியின் பஞ்சு எலிக்குப் பிரசவ வார்டு. அந்துருண்டை போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எலி அதற்கெல்லாம் அசைந்ததாக நான் பார்த்ததில்லை. அந்த வாசம் ஏறிய துணிக்குள் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பதற்கு வீட்டிலேயே தூங்கலாம். மூடியுள்ள தகர டிரம்மில் போட்டு வைத்தால் எலி அண்டாது.

கிழிசலுக்கு எந்தப் பசை?

துணியின் உள்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான பிளைண்ட்கள் பாலியெஸ்டர் துணியில் உட்புறம் பாலியூரித்தேன் பூசியவை. அதற்கு யூரித்தேன் வகைப் பசைதான் பிடிக்கும். கடையில் கையில் கிடைத்த சிலிக்கானைத் தடவிவிட்டால், அதுவும் உரியும், பிறகு வேறு எதுவும் அந்த இடத்தில் ஒட்டாது.

கிழிந்த இடத்தைச் சுற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கூடாரத்துக்கென்றே விற்கும் ஒட்டுத்துணியை, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுவது முக்கியம், கூரான மூலையிலிருந்துதான் ஒட்டு உரியத் தொடங்கும். நீளக் கிழிசல் என்றால் முதலில் பாலியெஸ்டர் நூலால் தைத்து, பிறகு இரண்டு பக்கமும் ஒட்டு. தைத்துவிட்டு அப்படியே விட்டால் ஒவ்வோர் ஊசித்துளையும் ஒழுகும். பசை வாடை போக இரண்டு மூன்று வாரமாவது வெளியில் தொங்கட்டும். வேட்டைக்கு முந்தின நாள் ராத்திரி இந்த வேலை வேண்டாம்.

உள்பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டி, செதில் செதிலாக உதிர்கிறது என்றால் பசைக்குச் செலவு செய்யாதீர்கள். அந்தத் துணியின் ஆயுள் முடிந்துவிட்டது. கம்பிகளையும் மூட்டுகளையும் கழற்றி வைத்துக்கொண்டால் அடுத்த பிளைண்டுக்கு உதிரியாகும்.

ஃபைபர் கம்பி நீளவாக்கில் பிளந்துவிட்டது. டேப் சுற்றினால் தாங்குமா?

ஒரு வார இறுதிக்குத் தாங்கும். கம்பியின் மேல் இறுக்கமாக நுழையும் அலுமினியக் குழாய்த் துண்டை, உடைந்த இடத்துக்கு இரு பக்கமும் மூன்று அங்குலம் மூடும்படி செருகி, முனைகளில் டேப் சுற்றுங்கள். நிரந்தரத் தீர்வு கம்பியை மாற்றுவதுதான். விட்டத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் காலிப்பரால் அளந்து வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் கூடினாலும் மூட்டில் நுழையாது. கம்பியை அறுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம். ஃபைபர் சிலும்பு தோலில் ஏறினால் இரண்டு நாள் தூக்கம் போய்விடும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

வெயிலில் நிறம் போய் வெளிறிவிட்டது. மான் கண்டுபிடித்துவிடுமா?

வெளிறியதைவிட, நீங்கள் அதை எந்த சோப்பில் துவைத்தீர்கள் என்பதுதான் என் கவலை. மானுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சரியாகத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும், புற ஊதாவுக்குப் பக்கத்து ஒளியும் தெரியும். துணி 'பளிச்' என்று இருக்க சோப்புத்தூளில் சேர்க்கும் பொருள், புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி விடுகிறது. நமக்கு மங்கலாகத் தெரிகிற துணி மானுக்கு மின்னும். வாசனையும் அந்தப் பளபளப்புச் சேர்மானமும் இல்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ் போதும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெளிறிய வெளிப்புறத்தை, சுற்றியுள்ள புல்லையும் கிளையையும் வெட்டிச் செருகி மறைத்துவிடலாம். உள்பக்கக் கறுப்புதான் வெளிறக் கூடாது. அது வெளிறினால் நீங்கள் உள்ளே அசைவது நிழலாட்டமாகத் தெரியும்.

அரசு நிலத்தில் சீசன் முழுக்க விட்டுவைக்கலாமா?

விஸ்கான்சினில் முடியாது. மாநில நிலத்தில் துணி பிளைண்டை அன்றன்றைக்குப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அங்கேயே கிடக்கும் காய்ந்த குச்சி, சருகால் மட்டும் கட்டியதை விட்டுவரலாம். துப்பாக்கி சீசனில் பிளைண்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி 144 சதுர அங்குலம் ஆரஞ்சோ ஒளிரும் பிங்க்கோ இருக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் அங்குள்ள விதிப்புத்தகத்தைப் பாருங்கள், ஒவ்வோரிடமும் ஒரு மாதிரி.

ஜிப் பாதியில் மாட்டிக்கொள்கிறது, சத்தமும் போடுகிறது.

வாசனையில்லாத மெழுகுவத்தியைப் பற்களில் தேயுங்கள். மூடிய பிறகு பின்னால் திறந்துகொண்டே வந்தால் தேய்ந்திருப்பது பல் அல்ல, ஜிப்பை இழுத்து மூடும் ஓட்டி. குறட்டால் அதன் இரு பக்கத்தையும் லேசாக, மிக லேசாக, நெருக்குங்கள்.

நான் கோயம்புத்தூரில் பறவைகளைப் படம் எடுப்பவன். இதே மாதிரிக் கூடாரத்தைக் குளத்தங்கரையில் தெரிந்தவர் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஒரே கோடையில் துணி தொட்டாலே கிழிகிறது.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டை கிடையாது என்பதால், அங்கிருந்து வரும் ஒரே பிளைண்ட் கேள்வி கேமராக்காரர்களுடையது. உங்களுக்குப் பனி இல்லை, எதிரி வெயில். புற ஊதா பாலியெஸ்டர் இழையையே உளுத்துப்போக வைக்கும். மேலே ஒட்டுப்போட்டால் ஒட்டு நிற்கும், பக்கத்தில் கிழியும். புதுத் துணி மாற்றிவிட்டு, நர்சரிக்காரர்கள் பந்தலுக்குப் போடும் பச்சை நிழல்வலையை ஒரு முழம் உயரத்தில் தனியாகக் கட்டுங்கள். அது வெயிலுக்கென்றே செய்தது, விலையும் குறைவு. முளைகளை ஆழமாக அடித்து இழுகயிறு கட்டுங்கள், ஆடிக்காற்று வரும் ஊர் உங்களுடையது. சரணாலயத்துக்குள் கொண்டுபோவதானால் வனத்துறை அனுமதி வேண்டும். கூடு இருக்கும் மரத்தடியில் மட்டும் எங்கேயும் நிறுத்தாதீர்கள்.