புவியியலோடு கல்வியியலைத் துணைப் பாடமாக எடுப்பது பற்றி

வணக்கம் தங்கை. புவியியலை முதன்மைப் பாடமாகப் படிக்கும் நீங்கள் கல்வியியலைத் துணைப் பாடமாக எடுக்க விரும்புவதாகவும், அது ஆசிரியர் நியமனத்துக்கு உதவுமா என்று ஹட்டனில் வீட்டார் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

துணைப் பாடம் ஆசிரியத் தொழில் தகைமை ஆகாது. அதற்குக் கல்விமாணிப் பட்டமோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவோ வேண்டும். இதை வீட்டில் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆயினும் எடுங்கள் என்றே உறுதியாகச் சொல்வேன். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது பெருந்தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டு, 1970களிலிருந்துதான் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன என்பதை, இன்றைய நம் பிள்ளைகளின் பெறுபேறுகளோடு பொருத்திப் பார்க்கும் பயிற்சியைக் கல்வி வரலாறும் கல்விச் சமூகவியலும் தரும். நான்காம் ஆண்டுக்குக் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, அடுத்த வாங்கிலிருக்கும் மூன்றாம் ஆண்டுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஒற்றை ஆசிரியரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தன்னைவிட அதிகம் தெரிந்த ஒருவரின் துணையோடு பிள்ளை தன்னால் தனியே எட்ட முடியாததை எட்டும் என்ற ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் கருத்து, அந்த வகுப்பறையில் மூத்த பிள்ளைகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு நேரடியாக வழிகாட்டும் (எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்).

தெரிவு இருக்குமானால் கல்வி உளவியலையும் மதிப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். புவியியல் களப்பயண நாட்களோடு விரிவுரைகள் மோதுமா, அலகுகள் தமிழ்மொழி மூலம் நடக்குமா என்பவற்றைப் பதிவுக்கு முன்பே திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறையில் அனுமதி பெற்று, உங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் சிறு பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம்) சில நாட்கள் இருந்து பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுங்கள். உளவியல் விரிவுரைகளுக்கு அக்குறிப்புகள் பெரிதும் உதவும்.