கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பல்லடம் பக்கம் சொந்த வீடு. மாடியில் சோலார் போட ஆசை. கணவர் ஒருபடி மேலே போய், பேட்டரி வாங்கிக்கொண்டு ஈ.பி. லைனையே துண்டித்துவிடலாம் என்கிறார். மகனோ, "கம்பெனிக்காரன் விடவே மாட்டான்மா. மூலிகைப் பெட்ரோலை அமுக்கின மாதிரி இதையும் அமுக்கிடுவான். பக்கத்து வீட்டைப் பாருங்க, கரண்ட் போனா சோலாரும் சேர்ந்து நின்னுபோகுது. வேணும்னே அப்படிச் செஞ்சு வச்சிருக்கான்" என்கிறான். இது உண்மையா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பக்கத்து வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஈ.பி. லைனோடு சேர்ந்த சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்காகத்தான் அந்த ஏற்பாடு. சப்ளையை நிறுத்திவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து லைனுக்குக் கரண்ட் பாய்ந்தால் அந்த மனிதர் கம்பத்திலேயே கருகிப்போவார். மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். கரண்ட் இல்லாதபோதும் சோலார் ஓட வேண்டுமானால், லைனிலிருந்து பிரிந்து வீட்டுக்கு மட்டும் கொடுக்கிற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு கூடும்.

மூலிகைப் பெட்ரோலை யாரும் அமுக்கவில்லை. மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுத்ததாக ராமர் பிள்ளை சொன்ன செய்தி 1996-இல் வந்தபோது, நம்ம ஊர்க்காரர் சாதித்துவிட்டார் என்று நானும் மனசாரச் சந்தோஷப்பட்டேன். பிறகு பெட்ரோலியப் பொருட்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016-இல் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

ஆனாலும் உங்கள் மகனின் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனம் சட்டசபை சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டருக்காகச் சுமார் 6 கோடி டாலர் இறைத்தது. 2019-இல் சட்டம் நிறைவேறியது. நொடித்துக்கொண்டிருந்த அணுமின், நிலக்கரி நிலையங்களுக்கு மக்களின் மின்கட்டணத்திலிருந்து பணம். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இருந்த இலக்குகளில் வெட்டு. குட்டு உடைந்து 2023-இல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 ஆண்டு சிறை. ஸ்பெயினில் 2015-இல், சொந்த மாடியில் மின்சாரம் எடுப்பவர்கள் மீதே அரசு கட்டணம் போட்டது. 'சூரிய வரி' என்று சொல்லி ஜனங்கள் கொதித்தார்கள். 2018-இல் அதை எடுத்தார்கள்.

இந்த இரண்டிலும் எந்த இயந்திரத்தையும் யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஒரு சட்டத்தில், ஒரு கட்டண விதியில் கை வைத்தார்கள். கண்ணுக்கு எதிரே நடந்தது, அதனால்தான் கேள்வி கேட்கவும் முடிந்தது.

நம் ஊரில் கதை வேறு மாதிரி. முப்பந்தலிலும் உங்கள் பல்லடம் பக்கமும் சுற்றுகிற காற்றாலைகளில் எத்தனையோ நூற்பாலை முதலாளிகளுடையவை. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தது அதானி குழுமம். லாபம் உண்டென்றால் வெயிலையும் காற்றையும் கம்பெனிகள் முந்திக்கொண்டு பிடிக்கும். இழுபறி எல்லாம் உங்கள் வீட்டு மாடி, என் வீட்டு மாடி என்று வரும்போதுதான். 2019-இல் நம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், வீட்டு சோலாரிலிருந்து லைனுக்குப் போகும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் யூனிட்டைவிடக் குறைந்த விலை வைத்தது. 2021-இல்தான் வீடுகளுக்கு, லைனுக்குக் கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டில் அப்படியே கழிக்கும் முறை திரும்பியது. மின்வாரியத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நல்ல கட்டணம் கட்டுகிறவர்கள் எல்லாம் சோலாருக்குப் போய்விட்டால், விவசாயிக்கும் ஏழை வீட்டுக்கும் கொடுக்கிற இலவச மின்சாரத்தின் சுமையை யார் தூக்குவது? இதற்கு அரசு பதில் தேட வேண்டும். அதற்காக மாடியில் சோலார் பலகை போடுகிறவரை எதிரியாகப் பார்ப்பது அநியாயம்.

நானும் பட்டிருக்கிறேன். பலகை மாட்டிய பிறகு, போன யூனிட், வந்த யூனிட் இரண்டையும் காட்டுகிற மீட்டருக்காக நாலு மாதம் அலைந்தேன். வெயில் வீணாய்க் காய்ந்தது. மீட்டர் வந்த அன்று மத்தியானம், அதில் 'போன' எண் ஒன்று கூடுவதைப் பார்க்க மனைவியும் நானும் சாப்பாட்டைக்கூட மறந்து நின்றோம்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், லைனைத் துண்டிக்க வேண்டாம். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் தாங்குகிற அளவுக்குப் பேட்டரி வாங்கினால் ஓய்வூதியப் பணம் அதிலேயே கரையும். சில ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டும். வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் போய்விடும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை ஒன்றரைக் கோடிக்கும் மேல். மின்சாரத்தை லைனில் விட்டார்கள், ஊர்த் தேவை போக மிச்சத்தை வாரியத்துக்கே விற்றார்கள். லைனை வைத்துக்கொண்டே சொந்தக் காலில் நின்ற ஊர் அது.

உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் தாராளம். நிழல் விழாத 300 சதுர அடி போதும். ஒரு நாளைக்குச் சராசரி 12 யூனிட், இரண்டு மாதத்தில் 700 வரை. 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம். அந்தத் திட்டத்தில் பதிவான ஒப்பந்ததாரரிடமே கொடுங்கள். மீட்டர் வரும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். வாரம் ஒருமுறை காலையில் பலகையை வெறும் தண்ணீரால் கழுவுங்கள், மத்தியானச் சூட்டில் கழுவக் கூடாது.

மகனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். கட்டணத்தை மாற்றுவதற்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அறிவிப்பு அதன் இணையதளத்திலேயே வரும். அடுத்த அறிவிப்பு வரும்போது, உங்கள் வீட்டு மீட்டர் கணக்கை வைத்து மகனை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.