மூன்று முறைதானே திரும்பி வந்திருக்கிறது?

கேள்வி: விளம்பர டிசைன் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வயது 24. இரவில் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பாணியில் கதை வரைகிறேன். மூன்று இடங்களுக்கு அனுப்பி, மூன்றும் திரும்பி வந்துவிட்டன. ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா தோரியாமாவும் வேலையை உதறிவிட்டுத்தான் ஜெயித்தார் என்கிறான் நண்பன். நானும் ராஜினாமா செய்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, நண்பர் சொன்னது பாதிதான் உண்மை. தோரியாமா ஜப்பானின் நகோயா நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று வருடம் போல இருந்தார், விட்டார். ஆனால் மங்காவுக்காக விடவில்லை. காலையில் எழுந்திருப்பது அவருக்கு ஆகாது. தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவார், போட்டிருக்கும் உடைக்கும் திட்டு வாங்குவார். அலுத்துப்போய் வெளியே வந்தார். சும்மா இருந்தபோது ஒரு பத்திரிகையில் புதியவர்களுக்கான மங்கா போட்டி கண்ணில் பட்டது. பரிசுப் பணத்துக்காக வரைய உட்கார்ந்தார். லட்சியமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

பரிசும் கிடைக்கவில்லை. ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழுக்கு அவர் அனுப்பிய ஒரு கதை ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைக் கிண்டலடித்தது. சொந்தக் கற்பனைதான் வேண்டும் என்ற விதியால் தள்ளுபடி. ஆனால் அங்கே ஆசிரியர் குழுவில் இருந்த கசுஹிகோ தோரிஷிமா அந்தக் கை யாருடையது என்று கவனித்துக் கூப்பிட்டார். 1978இல் தோரியாமாவின் முதல் கதை ‘வொண்டர் ஐலண்ட்’ அச்சாகி, வாசகர் ஓட்டில் கடைசி இடம் பிடித்தது. அந்தப் பத்திரிகையில் ஓட்டு என்றால் விளையாட்டில்லை. இதழோடு வரும் அஞ்சலட்டையில் பிடித்த கதைகளைக் குறித்து வாசகர்கள் அனுப்புவார்கள். தொடர்ந்து அடியில் கிடக்கும் தொடருக்கு மூடுவிழாதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. தோரியாமா வரைந்து அனுப்புவார், தோரிஷிமா ‘போட்சு’ என்பார். நிராகரிப்புக்கு அவர்கள் தொழிலில் சொல்லும் வார்த்தை அது. ஒரே வருடத்தில் சுமார் 500 பக்கம் இப்படிப் போனது! ஆனால் வெறுமனே ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஆள் இல்லை அவர். முதல் தொடருக்குத் தோரியாமா ஒரு டாக்டரை (வைத்தியர் அல்ல, விஞ்ஞானி) நாயகனாக யோசித்திருந்தார். கதையில் வரும் ரோபோ சிறுமியை முன்னால் கொண்டுவா என்றார் தோரிஷிமா. 1980இல் ‘டாக்டர் ஸ்லம்ப்’ தொடங்கி அராலே என்ற அந்தச் சிறுமி ஜப்பானையே சிரிக்கவைத்தாள். 1984இல் ‘டிராகன் பால்’. அதுவும் ஆரம்பத்தில் ஓட்டில் சரிந்து, தற்காப்புக்கலைப் போட்டி கதைக்குள் வந்த பிறகே ஏறியது. 1995 வரை வாராவாரம், மொத்தம் 519 அத்தியாயம்.

அந்த வாராவாரம் எப்படிப்பட்டது தெரியுமா? ‘டிராகன் பால்’ நாயகன் கோகுவின் தலைமுடிக்குக் கறுப்பு மை பூசியே உதவியாளருக்கு நேரம் போய்விடும். கோகு ‘சூப்பர் சயான்’ என்ற அதிபலசாலி வடிவத்துக்கு மாறும்போது முடி வெளுத்ததற்கு, அந்த மை பூசும் வேலை மிச்சமாவதும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, உங்கள் விஷயம். ராஜினாமா இப்போது வேண்டாம். காலையில் எழுந்திருக்க முடிகிறதல்லவா? திருப்பி அனுப்பிய மூவரில் யாராவது காரணம் எழுதியிருந்தால் அடுத்த கதையையும் அவருக்கே அனுப்புங்கள். கோபம் வந்தால் தோரியாமா வழி இருக்கிறது. ‘டாக்டர் ஸ்லம்ப்’ கதையின் வில்லனுக்குத் தோரிஷிமாவின் முகத்தையே வைத்தார். பெயரை மட்டும் திருப்பிப்போட்டு மாஷிரிதோ ஆக்கினார்.