மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ட்யூப்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. வாயோரம், முழங்கை, விரல் நுனிகளில் வெண்புள்ளி. டாக்டர் எழுதிக்கொடுத்த க்ளோபெட்டசால் களிம்பால் முழங்கையில் நிறம் திரும்பியது. அதே சீட்டைக் காட்டி வாங்கி, எட்டு மாதமாக முகத்துக்கும் தடவுகிறோம். இப்போது கன்னம் சிவந்து எரிகிறது. புதிதாகப் பார்த்த டாக்டரோ, வாரத்தில் இரண்டு நாள் ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொல்கிறார். அது விஷம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முகத்துக்குத் தடவுவதை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. க்ளோபெட்டசால், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிகுந்த வகை. முழங்கைத் தோல் தடித்தது. சில மாதம் தாங்கும். கன்னம் தாங்காது. ஜன்னல் வெளிச்சத்தில் மகளின் கன்னத்தை உற்றுப் பாருங்கள். நூலிழை போலச் சிவந்த ரத்தக் குழாய்கள் தெரிந்தால் தோல் மெலிந்துவிட்டது என்று பொருள். நிறுத்தியதும் சில வாரங்கள் எரிச்சல் கூடும். அதற்குப் பயந்து மறுபடி ட்யூபைத் திறப்பவர்கள்தான் அதிகம். திறக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். முகத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு, அது தோலை மெலியச் செய்யாது.

2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. மடிப்பில் கிழிந்த பழைய சீட்டை நீட்டினாலும் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்பதை நான் ஏற்கமாட்டேன். வெண்புள்ளியில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமி செல்களை அழிக்கிறது. வேகமாகப் பரவும்போது அதை அடக்க இந்த மருந்து கைகொடுக்கும். வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் மாத்திரை என்பது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை. மற்ற ஐந்து நாள் விடுவதால் பக்க விளைவு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. எடை கூடலாம், முகப்பரு வரலாம், தூக்கம் கெடலாம், மாதவிலக்கு தள்ளிப்போகலாம். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குத்தான் கொடுப்போம், அதுவும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து.

புள்ளிகள் இப்போதும் பரவுகின்றனவா என்பதை நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. பல மாதமாகப் புதிதாக ஒன்றும் இல்லை, இருப்பதும் பெருக்கவில்லை என்றால், மாத்திரை எதற்கு என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். வெண்புள்ளியும் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதுண்டு.

முழங்கையில் நிறம் முதலில் மிளகுப்பொடி தூவியதுபோல முடிக்கால்களைச் சுற்றித்தானே வந்தது? நிறமி செல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறி வருகின்றன. விரல் நுனியில் முடி கிடையாது. அங்கே எத்தனை ட்யூப் தேய்த்தாலும் பலன் குறைவு. நோய் ஓராண்டாவது அசையாமல் நின்ற பிறகு தோல் ஒட்டு சிகிச்சை பற்றிக் கேட்கலாம்; விரல் நுனியில் அதுவும் கடினம் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.