எண்பதில் நிறுத்துவதா, நூறு வரை ஏற்றுவதா?

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பகுதி மின்சாரக் கார் பற்றியது. அதிலும் ஒரே கேள்விதான்: வீட்டில் தினமும் எத்தனை சதவீதத்தில் சார்ஜை நிறுத்துவது? மற்ற கடிதங்கள் அடுத்த வாரத்துக்குப் போகின்றன.

கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. 80-க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று ஷோரூமில் சொன்னார்கள். மைத்துனரோ தினமும் 100 வைக்கிறார். யார் சொல்வது சரி? – ஈரோடு வாசகர்

என்ன கார், என்ன பேட்டரி என்று எழுதவே இல்லை. பத்துப் பதினைந்து லட்சம் கொடுத்து வாங்கிய பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். ஆனால் பாதிக் குற்றம் விற்றவர் தலையில். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் ஊர்க் கார்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை லித்தியம் அயான் பேட்டரி. ஒன்று என்எம்சி எனும் நிக்கல் வகை: ஹூண்டாய் அயோனிக் 5, கியா இவி6 போன்றவை. பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட், 80 சதவீதத்தில் ஏறக்குறைய 4 வோல்ட். அந்த உச்சி வோல்டேஜில், அதுவும் சித்திரை வெயிலில், சும்மா நின்றாலே செல் தேயும். ஓட்டுவதால் வரும் தேய்மானம் தனி. இந்த வகைக்குத்தான் 80 என்ற பேச்சு.

இன்னொன்று எல்எஃப்பி, அதாவது இரும்பு பாஸ்பேட் வகை: டாடா நெக்ஸான், டியாகோ, எம்ஜி வின்ட்சர், பிஒய்டி அட்டோ 3. நிரம்பினாலும் செல்லுக்கு 3.65 வோல்ட்டோடு சரி. இதன் சிக்கல் வேறு. 30 சதவீதத்துக்கும் 80-க்கும் நடுவே செல்லின் வோல்டேஜ் நூறு மில்லிவோல்ட்டுக்குள்தான் மாறும். வோல்டேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று பேட்டரியைக் கவனிக்கும் பிஎம்எஸ்ஸால் சொல்ல முடியாது. உள்ளே போனது, வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். நாளாக ஆகக் கணக்கு பிசகும். 100-ஐத் தொட்டால்தான் அந்தக் கணக்கு நேராகும். செல்களை ஒன்றுக்கொன்று சமன் செய்வதும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான். டெஸ்லா தன் எல்எஃப்பி கார்களுக்கு வாரம் ஒருமுறையாவது 100 ஏற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அதற்காக மைத்துனருக்கும் முழு மதிப்பெண் கிடையாது. எல்எஃப்பி செல்லை எப்போதும் உச்சியிலேயே வைத்துப் புழங்கினால் அதுவும் சீக்கிரம் தேயும் என்று கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2024-ல் காட்டியது. ஆக, எல்எஃப்பி என்றால் வாரத்தில் ஒரு நாள் 100, மற்ற நாட்களில் 80 அல்லது 90. நிக்கல் என்றால் தினமும் 70 அல்லது 80, வெளியூர் போகும் முதல்நாள் இரவு மட்டும் 100. கார்க் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சட்டம்; வாரன்டி சண்டையில் என் பத்தியை நீட்ட முடியாது.

என் ஆற்றாமை ஷோரூம்காரர்கள் மேல்தான். சன்ரூஃப் எவ்வளவு திறக்கும், சீட்டு என்ன நிறத்தில் வரும் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். செல் என்ன வகை என்று கேட்டால் “லித்தியம் அயான் சார்” என்கிறார்கள். தேக்குக் கட்டிலா, வேப்பங்கட்டிலா என்று கேட்டவனிடம் “படுக்கிற கட்டில் சார்” என்பது போல. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: செல் என்எம்சியா எல்எஃப்பியா? சார்ஜ் வரம்பை காரிலேயே வைக்க முடியுமா? பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் வாரன்டியில் மாற்றுவீர்கள்? “8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர்” என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்தச் சதவீதம் எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும். எழுத்தில் பதில் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

நிக்கல் பேட்டரி, 50 யூனிட் கொள்ளளவு. தினமும் 45 கி.மீ. ஓட்டம். தினமும் கொஞ்சம் ஏற்றுவதா, 20-க்கு இறங்கியபின் மொத்தமாக ஏற்றுவதா? – கோவை வாசகர்

தினமும் கொஞ்சம்.

கணக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்றால் உங்களுக்கு நாளொன்றுக்கு 7 யூனிட், அதாவது 14 சதவீதம். 70-ல் நிறுத்தினால் மாலை 56-ல் வீடு திரும்புவீர்கள். நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தாலும் போதும். முழுக்க இறக்கி முழுக்க ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்–காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு, லித்தியத்துக்குப் பொருந்தாது. ஆழமாக இறங்கி ஏறுவதைவிட நடுவில் சிறிது சிறிதாக ஏறி இறங்குவதே செல்லுக்கு நல்லது. வெயிலில் நின்று வந்த காரை வந்ததும் செருக வேண்டாம். இரவு பத்துக்கு மேல் தொடங்குமாறு நேரம் வையுங்கள்.

80-ல் நிறுத்தினால் கரன்ட் பில் குறையுமா? – சேலம் வாசகி

குறையாது. ஓட்டிய கிலோமீட்டருக்குத்தான் பில்.

என் காரில் வரம்பு வைக்கும் வசதியே இல்லை. 15 ஆம்பியர் பிளக்கில் போடுகிறேன். டைமர் பிளக் வாங்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

முதலில் எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். 30 யூனிட் பேட்டரி, 40-லிருந்து 80 வரை என்றால் 12 யூனிட் வேண்டும். சுவரிலிருந்து 3.3 கிலோவாட் இழுத்தாலும் பத்தில் ஒரு பங்கு சூடாகப் போய், பேட்டரிக்குள் மணிக்கு 3 யூனிட் சேரும். நான்கு மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டால் இரண்டு மணிக்கு நிற்க வேண்டும்.

ஆன்லைனில் விற்கும் டைமர் பிளக் வேண்டாம். “16 ஆம்பியர்” என்று மேலே அச்சடித்த ஒன்றை நானும் வாங்கினேன். மூன்றாம் வாரமே பிளக் செருகும் துளை பழுப்பேறி பிளாஸ்டிக் இளகிவிட்டது. கீஸர் கால் மணி நேரம் இழுப்பதும் கார் நான்கு மணி நேரம் விடாமல் இழுப்பதும் ஒன்றல்ல. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, வீட்டு லைன்கள் பிரியும் டிபி பெட்டிக்குள் ஒரு டைமரும் 25 ஆம்பியர் கான்டாக்டரும் போடச் சொல்லுங்கள். டைமர் கான்டாக்டரை மட்டும் இயக்கும். காருக்குப் போகும் கரன்டைத் தாங்குவது கான்டாக்டரின் வேலை. அதற்கு முன் கம்பெனியின் செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள். சில கார்களில் வரம்பு வசதி பின்னால் வந்த சாஃப்ட்வேரில் சேர்ந்திருக்கிறது.

எல்எஃப்பி பேட்டரி கார். எல்லோரும் சொன்னதால் ஒரு வருடமாக 80-ஐத் தாண்டியதில்லை. போன மாதம் 18 சதவீதம் காட்டியது திடீரென்று 4-க்கு விழுந்து, பைபாஸில் குழந்தைகளோடு நின்றேன். சர்வீஸ் சென்டரில் ‘பேட்டரி காலிபரேஷன்’ என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். நியாயமா? – கரூர் வாசகி

நியாயமே இல்லை. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா. எல்லாக் காருக்கும் ஒரே எண்ணைச் சொன்னவர்களின் தப்பு இது.

நடந்தது மேலே சொன்ன கணக்குப் பிசகுதான். ஒரு வருடம் உச்சியைத் தொடாததால், பிஎம்எஸ் 18 என்று நம்பிய இடத்தில் உள்ளே அவ்வளவு இல்லை. கடைசியில் செல்லின் வோல்டேஜ் சடாரென்று சரிந்தபோதுதான் அதற்கே தெரிந்தது. இதற்கு வைத்தியம் பெரும்பாலும் வீட்டிலேயே உண்டு. பேட்டரியை 15, 20 சதவீதம் வரை இறக்குங்கள். ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம். வீட்டு பிளக்கில் இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். திரையில் 100 வந்ததும் பிடுங்காமல், கார் தானாக நிறுத்தும் வரை விடுங்கள். கடைசி ஒரு சதவீதத்திலேயே அரை மணி, ஒரு மணி நேரம் நிற்கும், அப்போதுதான் செல்கள் சமனாகின்றன. இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 20-க்குக் கீழே போகாமல் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் எண் குதித்தால் ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்கலாம். அது வாரன்டி வேலை, நீங்கள் பைசா தர வேண்டியதில்லை.

இனி பணம். ஜாப் கார்டு, பில் இரண்டையும் எடுத்து வையுங்கள். என்ன செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள், வாரன்டி காலத்தில் ஏன் கட்டணம் என்று சர்வீஸ் சென்டருக்கும் கார் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இவ்வளவு அலைச்சலா என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பில்லே போடுகிறார்கள்.

அபார்ட்மென்ட்டில் முதல் மாடி. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இறக்கி சார்ஜ் செய்கிறேன். சார்ஜர் ‘எர்த் இல்லை’ என்று நிற்கிறது. எர்த் அடாப்டர் ஒன்று 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வரம்பை 60-ல் வைத்தால் ஆபத்து குறையுமா? – சென்னை வாசகர்

குறையாது. ஒயரைக் கொதிக்க வைப்பது ஆம்பியர், சதவீதம் அல்ல. 60 வரை ஏற்றினாலும் அதே 14, 15 ஆம்பியர்தான் மணிக்கணக்கில் ஓடும்.

அந்த அடாப்டரைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் பார்த்தவன் நான். உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். எர்த் இருப்பதாகச் சார்ஜரை ஏமாற்றுகிறது. கரன்ட் கசிந்தால் அது போக வழி இல்லை. மழையில் நனைந்த காரைத் தொடுபவர் வழியாகத்தான் போகும். உங்கள் குழந்தையாக இருக்கலாம், வாட்ச்மேனாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது: உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தனி லைன், இடையில் ஜாயின்ட் இல்லாத 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் குழி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்குள் வருகிறதா என்று வோல்ட் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் சார்ஜ் செய்யாதீர்கள்.

ஊட்டியில் ஓட்டலில் இரவு சார்ஜ் வசதி உண்டு. 100 வைத்துக் கிளம்பலாமா? – திருப்பூர் வாசகர்

வேண்டாம், 80 போதும். நிரம்பிய பேட்டரியில் இறக்கத்தில் கிடைக்கும் கரன்டை எங்கே போட? மோட்டாரே வேகத்தைப் பிடித்துக் கரன்டாக்கும் ரீஜென் பிரேக் சரியாக வேலை செய்யாது; குன்னூர், பர்லியாறு வழியே மேட்டுப்பாளையம் வரை கால் பிரேக்கிலேயே இறங்கி, டிஸ்க்கைக் கருக்குவீர்கள். 1,800 கிலோ கார் சுமார் 1,900 மீட்டர் இறங்குவதில் 9 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. டயர், காற்று, சூடு என்று போனது போக ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். அதற்கு இடம் விட்டுக் கிளம்புங்கள்.

மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் வெளிநாடு போகிறோம். கார் 100-ல் பிளக்கோடு நிற்கட்டுமா? – தஞ்சாவூர் வாசகர்

50-ல் விட்டு, பிளக்கைப் பிடுங்கி, நிழலில் நிறுத்துங்கள். முதலில் சாவது பெரிய பேட்டரி இல்லை, 12 வோல்ட் குட்டி பேட்டரிதான். அதைக் கழற்றி வைக்கலாமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். செயலியில் அடிக்கடி காரை எட்டிப் பார்க்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் கார் விழித்து அந்தக் குட்டி பேட்டரியைத் தின்னும்.

மின்சார ஸ்கூட்டருக்கும் இதே 80 தானா? – விழுப்புரம் வாசகர்

நிக்கல் வகையாக இருந்தால் ஆமாம். 100-க்கு ஏற்றி மொட்டை வெயிலில் நிறுத்தாதீர்கள்.