சியோலில் ஹன்போக் உடுத்திப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சியோலுக்கு வந்து எனக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் நாலு வருஷம் கியோங்போக்குங் அரண்மனைக்குப் பக்கத்தில், கொரியர்களின் பாரம்பரிய உடையான ஹன்போக்கை வாடகைக்குத் தரும் ஒரு கடையில் சனி, ஞாயிறு வேலை பார்த்தேன். இப்போது பயணிகளைப் படம் எடுக்கும் ஒரு கொரியப் போட்டோகிராபருக்கு மொழிபெயர்ப்பு, உடை சரிசெய்வது என்று கூடவே போகிறேன். உடை, நேரம், இடம், போட்டோகிராபரிடம் என்ன பேசுவது, இவற்றைக் கேளுங்கள். விசா, ஹோட்டல், விமான டிக்கெட் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவை வாசகி: அக்கா, ஏப்ரல் முதல் வாரம் நானும் கணவரும் வருகிறோம். உடை தரும் கடையே போட்டோவும் எடுத்துத் தருமா? எதை முதலில் புக் செய்வது?

சில கடைகளில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில். கடைக்காரர் சேர்த்து விடும் ஆள் பெரும்பாலும் ஒரே நாளில் ஏழெட்டுக் குடும்பங்களை அதே வாசலில், அதே நிலையில் நிறுத்தி எடுத்துவிட்டுப் போவார். படம்தான் முக்கியம் என்றால் போட்டோகிராபரைத் தனியாகப் பிடியுங்கள். இங்கே இதை 'ஸ்னாப்' என்பார்கள்.

முதலில் போட்டோகிராபரின் தேதியும் நேரமும் உறுதியாகட்டும். அப்புறம் கடை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். உடை எப்போதும் கிடைக்கும், நல்ல வெளிச்சமும் காலி முற்றமும் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரம்தான். கியோங்போக்குங் அரண்மனை 9 மணிக்குத் திறக்கிறது. பத்து மணிக்கு அதன் குவாங்ஹ்வாமுன் வாசலில் காவலர் மாறும் சடங்கு, அதற்குள் பேருந்துகள் வந்து இறங்கிவிடும். ஒன்பதுக்கு உள்ளே நிற்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கே கடையில் இருக்க வேண்டும். உடை தேர்ந்தெடுக்க, கட்ட, தலை பின்ன எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆகும். அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, "எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்பதுதான்.

இரண்டு மணி நேர வாடகை எடுக்காதீர்கள். நடந்து போய் வரவே அரை மணி நேரம் போய்விடும். நாலு மணி நேரம் எடுங்கள்.

போட்டோகிராபரிடம் ஐந்து விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். மூலப் படங்கள் (திருத்தாத படங்கள்) எல்லாம் தருவாரா, எத்தனை படங்களைத் திருத்தித் தருவார், எத்தனை நாளில் வரும், மழை பெய்தால் என்ன செய்வார், முன்பணம் கார்டில் கட்டலாமா. கடைசியில் சொன்னது நமக்கு முக்கியம். பலர் கொரிய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள், ஊரிலிருந்து அது பெரிய தலைவலி.

ஏப்ரல் தொடக்கம் செர்ரி பூக்கும் நேரம், நல்ல போட்டோகிராபர்களின் நாட்கள் சீக்கிரமே நிறைந்துவிடும். இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.

திருநெல்வேலி அண்ணாச்சி: மொத்தம் எவ்வளவும்மா ஆகும்?

நான் பார்த்த அளவில் சொல்கிறேன், அண்ணாச்சி. உடை ஒருவருக்கு இருபதாயிரம் வொன்னில் தொடங்கி நாற்பதாயிரம் வரை. ஒரு மணி நேர ஸ்னாப் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வொன். லட்சம் வொன் என்றால் நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

இரண்டு நாள் பயணி: எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சியோல். கியோங்போக்குங் போக முடியுமா?

முடியாது. கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை. சாங்தொக்குங் போங்கள், அதற்குத் திங்கள்தான் விடுமுறை. 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அரண்மனை அது. மரங்கள் அதிகம், கூட்டம் குறைவு. எனக்குப் படம் எடுக்க அதுதான் அதிகம் பிடிக்கும்.

சேலம் தங்கை: கொரியாவில் படத்தை எடிட் செய்து அழகாக்கித் தருவார்களாமே அக்கா? அதையும் சேர்த்து வாங்கவா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் படியுங்கள்.

நான் வந்த மூன்றாம் வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வயது 58. வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு ஜொகொரி, அதாவது மேல்சட்டை. கரும்பச்சையில் சிமா, அதாவது பாவாடை. இரண்டையும் அவரே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். பத்து நாள் கழித்துத் திருத்திய படங்கள் வந்தன. திறந்து பார்த்தால் அது அம்மா இல்லை. நிறம் மூன்று படி வெளுத்திருந்தது. தாடை குறுகியிருந்தது. கன்னத்து மச்சம் காணோம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்குத்தி இல்லை. திருத்தியவருக்கு அது நகை என்றே தெரியவில்லை. ஏதோ புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டார். நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தி. அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இங்கே திருத்தம் என்றாலே தோலை வெளுப்பது, முகத்தைச் சிறிதாக்குவது என்பதுதான் வழக்கம். வாடிக்கையாளர் வாய் திறந்து சொல்லாவிட்டால் அதைத்தான் செய்வார்கள். அதனால் புக் செய்யும்போதே சொல்லுங்கள், படம் எடுக்கும் நாளில் மறுபடி சொல்லுங்கள். "பிபுசேகன் குதேரோ ஹே ஜுசேயோ" என்றால் தோல் நிறத்தை அப்படியே விடுங்கள் என்று அர்த்தம். மூக்குத்தி, மச்சம், பொட்டு ஆகியவற்றைக் கை காட்டி "ஜிவுஜி மாசேயோ", அழிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். மூலப் படங்களை வாங்கிவிடுங்கள். அவை இருந்தால் ஊரில் யாரிடமாவது கொடுத்தாவது சரிசெய்யலாம். எங்களிடம் அன்றைக்கு மூலம் இல்லை.

போட்டோகிராபரின் மாதிரிப் படங்களில் நம் நிறத்து மனிதர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெள்ளை ஜொகொரிக்கு வெளிச்சம் வைத்தால் நம் முகம் இருண்டு போகும். முகத்துக்கு வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

புசான் மாணவர்: இங்கே படிக்கும் நண்பர்கள் பாதி விலைக்கு எடுத்துத் தருகிறார்களே அக்கா?

தம்பி, மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி வாங்காமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. மாட்டினால் அவர் படிப்பே கெடும். நண்பருக்கு நண்பர் எடுத்துக் கொடுப்பது வேறு. காசுக்குக் கூப்பிடாதீர்கள்.

தேஜோன் ஆராய்ச்சியாளர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அரண்மனை வாசலில் வாடகைக்குத் தருவது ஹன்போக்கே இல்லை. பின்னால் ரிப்பன், உள்ளே கம்பி வளையம், மேலே லேஸ். கொரியர்களே முகம் சுளிக்கிறார்கள். இதைப் 'பாரம்பரிய உடை' என்று நீங்கள் பரிந்துரைப்பது சரியா?

சென்னைத் தையற்காரர்: ஏன் சரியில்லை? நம் ஊரில் வெல்க்ரோ வைத்த வேட்டியும் மடிப்பு வைத்துத் தைத்த சேலையும் வந்துவிட்டன. கட்டத் தெரியாதவனும் கட்டுகிறான். அதை வேட்டி இல்லை என்று சொல்வோமா?

தேஜோன் ஆராய்ச்சியாளர்: வெல்க்ரோ வேட்டி பார்க்க வேட்டி மாதிரியே இருக்கிறது. இது பார்க்க ஹன்போக் மாதிரியே இல்லை. அதுதான் என் வாதம்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தச் சண்டை இங்கே பல வருஷமாக நடக்கிறது. ஹன்போக் அணிந்தவருக்கு அரண்மனையில் நுழைவு இலவசம். 2018-ல் அரண்மனை இருக்கும் ஜோங்னோ மாவட்டத்தின் அலுவலகம், இந்தக் கலப்பு உடைகளுக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்று பேச்சை எடுத்தது. 2022-ல் ஹன்போக் உடுத்தும் வழக்கமே தேசியப் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் மரபுடைமைத் துறையின் தலைவரே வாடகைக் கடை உடைகளின் தரத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தார். ஆராய்ச்சியாளர் சொல்வது கற்பனை இல்லை.

ஆனால் நான் அந்தக் கடையில் நின்றவள். அங்கே வந்த கொரியப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஹன்போக்கைத் தொடுவார்கள். அவர்களை அந்தக் கதவுக்குள் கொண்டுவந்தது அந்த ரிப்பனும் ஜிகினாவும்தான். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

எதைத் தவிர்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். தங்க அச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துணியில் தங்கத் தாள் பதிப்பது கும்பாக் என்ற பழைய கைத்தொழில். வாடகை உடையில் இருப்பது இயந்திர அச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். பாவாடையின் விரிவு பழங்காலத்தில் அடுக்கடுக்கான உள்பாவாடையால் வந்தது. கம்பி வளையம் போட்டால் உட்காரும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், படத்தில் அசிங்கமாகத் தெரியும். இடுப்பில் பின்னால் கட்டும் ரிப்பன் ஹன்போக்கில் கிடையாது. ஹன்போக்கின் அழகே மார்புக்கு மேல் தொடங்கித் தரைவரை தடையில்லாமல் விழும் கோடு. ரிப்பன் அதை இரண்டாக வெட்டிவிடும். ஜொகொரியின் முன்னால் கட்டும் நாடாவுக்குப் பெயர் கொரும். ஒற்றைக் கண்ணி விட்டு, இரண்டு நுனியும் நீளமாகத் தொங்க வேண்டும். ஷூ லேஸ் மாதிரி இரட்டைக் கண்ணி போட்டிருந்தால் அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். கடையில் "ஜோன்தோங் ஹன்போக்" என்று கேட்டால் பாரம்பரிய வகையைக் காட்டுவார்கள். பத்தாயிரம் வொன் கூடுதலாகலாம். எடுங்கள்.

தேஜோன் ஆராய்ச்சியாளர்: அந்தக் கடைசி வரியை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருக்க வேண்டும். கோவை வாசகி, பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைப் பெண்: ராஜா உடை போட ஆசை. பெண்கள் போட்டால் உள்ளே விட மாட்டார்களா?

விடுவார்கள். முன்பு ஆண் உடை ஆணுக்கு, பெண் உடை பெண்ணுக்கு என்றால்தான் இலவச நுழைவு. அது பாகுபாடு என்று தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது, 2019 ஜூலையிலிருந்து விதி மாறிவிட்டது. மேலும் கீழும் இரண்டும் ஹன்போக்காக இருந்தால் போதும். மேலே ஜொகொரி, கீழே ஜீன்ஸ் செல்லாது.

இளம் தம்பதி: அரண்மனை செவ்வாய் திறந்திருக்குமா?

மேலே இருக்கிறது. கியோங்போக்குங் செவ்வாய் மூடியிருக்கும்.

ஈரோடு வாசகர்: புக்சோன் ஓட்டு வீட்டுத் தெருவில் காலை ஏழு மணிக்கு ஆள் இல்லாமல் எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

அது பழைய வீடியோ. அந்த மேட்டுத் தெருவில் பயணிகளுக்குக் காலை 10 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. மீறினால் ஒரு லட்சம் வொன் அபராதம், 2025 மார்ச் முதல் வசூலிக்கிறார்கள். அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பாட்டி வாசலில் "சத்தம் போடாதீர்கள்" என்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அனுமதி உள்ள நேரத்திலும் வீட்டுப் படியில் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். ஓட்டு வீடுகள்தான் வேண்டும், நேரமும் இருக்கிறது என்றால் ரயிலேறி ஜோன்ஜு நகருக்குப் போங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: செம்பவளம் என்ற தமிழ் இளவரசிதான் கொரிய ராணி ஆனாராமே? அந்த உடை கிடைக்குமா?

'சம்குக் யூசா' என்ற 13-ம் நூற்றாண்டு நூலில் ஆயுதா நாட்டிலிருந்து வந்த ஹோ ஹ்வாங்-ஓக் என்றுதான் இருக்கிறது. அது எந்த ஊர் என்பதில் சண்டை தீரவில்லை. கல்லறை கிம்ஹே நகரில் இருக்கிறது. வாடகைக் கடையில் இருப்பது பெரும்பாலும் கொரியாவின் கடைசி அரச வம்சமான ஜோசோன் காலத்து மாதிரி, ராணியின் காலத்துக்கு மிகவும் பிந்தையது.

கல்யாண வாசகர்: திருமண நாளுக்காக விளக்கு, டிரைபாட் எல்லாம் கொண்டுவந்து எடுக்கலாமா? டிரோன்?

வணிகப் படப்பிடிப்புக்கு அரண்மனை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் போட்டோகிராபரிடம் "அனுமதி யார் வாங்குவது?" என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். டிரோன் கூடவே கூடாது.

குழந்தைக்காரி: ஜனவரியில் மூன்று வயதுக் குழந்தையோடு?

ஜனவரியில் காலையில் மைனஸ் பத்துக்குப் போகும். உள்ளே தெர்மல், மேலே பஞ்சு வைத்த பேஜா, அதாவது கையில்லாத மேலங்கி. அரை மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையைப் பதினோரு மணி வெயிலில் எடுங்கள், கூட்டம் இருந்தால் இருக்கட்டும். முடிந்தால் அக்டோபர் கடைசிக்கு மாற்றுங்கள். மரங்கள் நிறம் மாறியிருக்கும், குழந்தையும் சிரிக்கும்.

கியோட்டோ போகிறவர்: கிமோனோவுக்கும் இதே விதியா?

இல்லை. அது வேறு நாடு, வேறு உடை. ஜப்பானில் இருப்பவரிடம் கேளுங்கள்.

புதிய வாசகர்: ஹன்போக் போட்டால் நுழைவு இலவசமா? எந்தக் கிழமை லீவு?

ஐயா, இதே பக்கத்தில் இரண்டுக்கும் பதில் இருக்கிறது. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், மற்றவர்களுக்கும் நேரம் வேண்டும்.

சேலம் தங்கை: அக்கா, அம்மாவின் படத்தை மறுபடி எடுத்தீர்களா?

எடுத்தோம், தங்கச்சி. இரண்டு வருஷம் கழித்து அம்மா திரும்ப வந்தபோது, சாங்தொக்குங்கில். நான் இப்போது உதவி செய்கிறேனே, அதே போட்டோகிராபர்தான் எடுத்தார். அவரிடம் முதலிலேயே மூக்குத்தியைக் காட்டிச் சொன்னேன். அவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, அம்மாவை இடப்பக்கமாக அரை அடி திரும்பச் சொன்னார். மூக்குத்திக் கல்லில் வெயில் பட்டது. அந்தப் படம் ஊரில் பூஜை அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது.

கோவை வாசகி: அக்கா, ஒருவர் பதில் போட்டார். மூலப் படங்கள் தர மாட்டாராம், இருபது திருத்திய படங்கள் மட்டும்தானாம். விலை குறைவு.

விட்டுவிடுங்கள். அடுத்தவருக்கு எழுதுங்கள்.