கேன்டர்பரிக்குப் போக ரயில் பாஸ் கட்டாயமா?

கேள்வி: எங்கள் மகள் கிழக்கு லண்டனில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் நானும் கணவரும் அங்கே போகிறோம். எனக்கு 62 வயது, அவருக்கு 68, மூட்டு வலி உண்டு. ஒரு நாள் மூவருமாகக் கேன்டர்பரி பேராலயத்தைப் பார்க்க ஆசை. எங்கள் ஊர் டிராவல் ஏஜென்ட், "வெளிநாட்டுக்காரங்க பிரிட்ரெயில் பாஸ் எடுத்தே ஆகணும், இப்பவே எடுக்கலைன்னா சீட் கிடைக்காது" என்கிறார். இல்லையென்றால் மூன்று ஊர்களைச் சேர்த்துக் காட்டும் பஸ் டூர் இருக்கிறதாம். நாங்களே டிக்கெட் எடுத்துப் போக முடியாதா?

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. ஏஜென்ட் சொன்ன இரண்டுமே தவறு.

பிரிட்ரெயில் பாஸ் யாருக்கும் கட்டாயமில்லை. பல நாள், பல ஊர் சுற்றுபவர்களுக்கானது அது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அதை விற்பது அநியாயம். அதோடு, பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு அந்தப் பாஸ் கிடையாது. உங்கள் மகளுக்கு எப்படியும் தனி டிக்கெட்தான். சீட் கிடைக்காது என்பதும் வெறும் பயமுறுத்தல். கேன்டர்பரி ரயிலில் முன்பதிவு இருக்கையே கிடையாது. 'ஆஃப் பீக் ரிட்டர்ன்' (நெரிசல் இல்லாத நேரத்தில் போய்வரும்) டிக்கெட் இரண்டு மாதம் முன்னால் வாங்கினாலும் அன்று காலையில் வாங்கினாலும் ஒரே விலை. ரயில் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மகளையே எடுக்கச் சொல்லுங்கள், முன்பதிவுக் கட்டணம் இல்லை. இடையில் நிற்கும் சில தளங்கள் அதே டிக்கெட்டுக்குக் கூடுதலாக வாங்கும்.

லண்டனின் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்திலிருந்து கேன்டர்பரி வெஸ்ட் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். கிழக்கு லண்டன் என்பதால் ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனலில் ஏறுவது இன்னும் வசதி. அது சாதாரண ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலையம் அல்ல, பக்கத்தில் இருக்கும் வேறு நிலையம். லண்டனின் விக்டோரியா நிலையத்திலிருந்து போகும் மெதுவான ரயில் கேன்டர்பரி ஈஸ்ட் என்ற வேறு நிலையத்துக்குப் போகும். டிக்கெட் மலிவு, நேரம் அதிகம். அதிவேக ரயிலுக்குத் தனி விலை. ஒரே ஊருக்கு இரண்டு விலை வைத்துவிட்டு, எது எந்த ரயிலில் செல்லும் என்பதை டிக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. வாங்கும்போதே 'ஹை ஸ்பீட்' உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி, லண்டன் நகரப் பயணத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை. செயின்ட் பேங்க்ராஸ், ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனல் இரண்டு இடத்திலும் அட்டையைக் காட்டினால் கதவு திறந்துவிடும். ஏனென்றால் அந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே அது செல்லும். கேன்டர்பரிக்குச் செல்லாது. அபராதம் ஆளுக்கு 100 பவுண்ட், டிக்கெட் விலை தனி. 21 நாளுக்குள் கட்டினால் 50. வங்கி அட்டையைத் தட்டி ஏறினாலும் இதே கதைதான்.

மூன்று பேர் போவதால் உங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. கமிஷன் இல்லாததாலோ என்னவோ, எந்த ஏஜென்ட்டும் இதைச் சொல்வதில்லை. பெயர் குரூப்சேவ். 3 முதல் 9 பேர் வரை சேர்ந்து பயணம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், அட்டை எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் நெரிசல் நேரம் முடிந்த பிறகுதான், அதாவது வார நாளில் பொதுவாக ஒன்பதரைக்குப் பிறகு. போகும்போதும் வரும்போதும் மூவரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மகளுக்கு அவசர வேலை வந்து அவள் மட்டும் முன்னால் திரும்பினால், மூவர் டிக்கெட்டுமே சிக்கலாகிவிடும். அன்று காலை மூவரும் வருவது உறுதியான பிறகே வாங்குங்கள். முன்கூட்டி வாங்கினாலும் விலை குறையப் போவதில்லையே. தளத்தில் மூன்று பெரியவர்கள் என்று போட்டதும் விலைச் சலுகை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கொஞ்சம் பிந்திக் கிளம்பும் ரயிலைப் போட்டுப் பாருங்கள்.

பஸ் டூர் வேண்டவே வேண்டாம். மூன்று ஊர்களை ஒரே நாளில் அடைத்தால் கேன்டர்பரிக்கு என்ன மிஞ்சும்? 1170 டிசம்பர் 29 அன்று ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்ட இடம் அங்கே இருக்கிறது. அவருடைய சமாதியை 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றி இடித்துவிட்டார். அது இருந்த இடத்தில் இன்று ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அதற்கு ஏறும் படிகள் யாத்திரிகர்கள் கால் பட்டுத் தேய்ந்தவை. உங்கள் கணவர் அங்கே நின்று நிதானமாக ஏற வேண்டும். கொடி பிடித்த வழிகாட்டி பின்னால் ஓட முடியாது.

கிளம்பும் முன் பேராலயத்தின் தளத்தில் அன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் அங்கேதான் நடக்கும். அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி குறையும். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அதைத் தவிருங்கள்.

நுழைவுக் கட்டணம் உண்டு. மாலை வழிபாடான ஈவன்சாங்குக்குக் கட்டணம் இல்லை, எந்த மதம் என்றும் கேட்க மாட்டார்கள். வார நாட்களில் பெரும்பாலும் ஐந்தரைக்குத் தொடங்கும். பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் அதில் உட்கார்ந்து பாடல்களைக் கேளுங்கள், காலுக்கும் ஓய்வு. முடிந்ததும் கடைத்தெரு வழியாக வெஸ்ட்கேட் வாயிலைத் தாண்டி நடந்தால் கால் மணி நேரத்தில் கேன்டர்பரி வெஸ்ட், வழி சமதளம். உங்கள் டிக்கெட்டுக்குக் குறிப்பிட்ட ரயில் கிடையாது. அடுத்து வரும் அதிவேக ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.